கண்விழித்துக் காத்த தேயிலை



சென்ற மாதம், கப்பலில் பணிபுரியும் இளைஞர் ஒருவர் விடுமுறையில் ஊர் திரும்பியபோது நம்மைக் காண வந்தார். கைக்கடக்கமான தகரப் பெட்டி ஒன்றை நம்மிடம் தந்து, "சீனத்துத் தேயிலை, ஐயா. ஃபூஜியான் மாநிலத்துத் துறைமுகம் ஒன்றில் வாங்கினேன். பழைய முறைப்படி செய்தது என்று கடைக்காரர் சொல்லிக் கொடுத்தார்" என்றார்.

பெட்டியைத் திறந்தோம். நாம் அறிந்த தேயிலைத் தூளை அதில் காணோம். மிளகைவிடச் சற்றுப் பெரியனவாய், இறுகச் சுருண்ட கரும்பழுப்பு உருண்டைகளே கிடந்தன. அவற்றின் மணமோ வறுத்த கடலையையும் உலர்ந்த மலரையும் ஒருங்கே நினைவூட்டியது. விருந்தினரைக் காக்கவைத்தல் முறையன்று எனக் கருதி, வழக்கம்போலப் பாலும் நீரும் கலந்து அடுப்பிலேற்றி, உருண்டைகளில் இரண்டு கரண்டியை இட்டுக் கொதிக்கவைத்து, சர்க்கரையும் சேர்த்து இறக்கினோம். விளைந்தது தேநீருமன்று, கஷாயமுமன்று. பாலில் ஊறிய கரிக்கட்டையின் சுவை எனின் மிகையாகாது. இளைஞர் முகம் சுளிக்காமல் பருகி முடித்தார். அஃது அவருடைய நற்பண்பு. பின்னர் மெல்லச் சிரித்து, "நான் ஒரு முறை போட்டுக் காட்டட்டுமா, ஐயா?" என்று எழுந்தார்.

அடுத்த அரைமணி நேரத்தில் அவர் நமக்குக் காட்டியதையும், பின்னர் அவ்விலையைப் பற்றி நாம் தேடிப் படித்து அறிந்தவற்றையும் இம்மாதம் உங்களோடு பகிர்ந்துகொள்ள விழைகின்றோம்.

ஊரும் பேரும்

அத்தேயிலையின் பெயர் தியேகுவான்யின். ஊலோங் எனப்படும் தேயிலை வகையைச் சேர்ந்தது. ஊலோங் என்னும் சீனச் சொல்லுக்குக் கருநாகம் என்று பொருள். நாகமென்றது சீனர் மங்கலமாகக் கருதும் பறவைநாகத்தை. ஃபூஜியான் மாநிலத்தின் வடக்கே வூயி மலை, தெற்கே ஆன்ஷி மலைநாடு, அண்டை மாநிலமாகிய குவாங்தோங்கின் கிழக்குப் பகுதி, கடலுக்கு அப்பால் தைவான் தீவு ஆகிய நான்கும் ஊலோங்குக்குப் பெயர்பெற்ற இடங்கள். தியேகுவான்யின் ஆன்ஷி மலைநாட்டுக்குரியது.

ஆன்ஷி, சுவான்சௌ என்னும் பழம்பெரும் துறைமுக நகரின் ஆட்சி எல்லைக்குள் அடங்கியது. அந்நகரம் நமக்கு முற்றிலும் அந்நியமன்று. அங்கே சிவன் கோயில் கண்ட தமிழ் வணிகர் 1281ஆம் ஆண்டில் பொறித்த தமிழ்க் கல்வெட்டு இன்றும் உள்ளது. 14ஆம் நூற்றாண்டில் அந்நகரின் கத்தோலிக்க ஆயராக இருந்தவர் பிரான்சிஸ்கு சபைத் துறவியான பெருஜியா நகர் அந்திரேயா என்பதும் வரலாறு. ஊலோங் தேயிலை தோன்றியது அதற்குச் சில நூற்றாண்டுகள் கழித்தே. எனவே அத்தமிழ் வணிகரோ அவ்வாயரோ இதனைப் பருகியிருக்க இயலாது. ஆயினும் அக்கரையோர மக்களின் பேச்சு வழக்கில் தேயிலையைக் குறிக்கும் 'தே' என்னும் ஓரசைச் சொல் கப்பலேறி, ஐரோப்பியர் வாயிலாக உலகெங்கும் பரவியது. நாம் நாள்தோறும் சொல்லும் 'தேயிலை', 'தேநீர்' என்னும் சொற்களின் தலையில் நிற்பது அந்தத் 'தே' தான். சீனத்தின் பிற பகுதிகளில் வழங்கும் 'சா' என்னும் சொல்லிலிருந்தே சாயாவும் சாயும் வந்தன.

தியே என்றால் இரும்பு. குவான்யின் என்பது சீனப் பௌத்தர் வணங்கும் கருணையின் வடிவம். சிப்பிங் என்னும் ஊரைச் சேர்ந்த எளிய உழவர் ஒருவர் நாள் தவறாது குவான்யினுக்குத் தேநீர் படைத்து வந்தாரென்றும், கனவில் கண்ட செடியை மறுநாள் பாறை இடுக்கில் கண்டெடுத்தாரென்றும் ஒரு கதை வழங்குகிறது. 1736ஆம் ஆண்டில் கற்றறிந்தவர் ஒருவர் அதனைக் கண்டெடுத்தார் என்றும், அதன் சுவையில் மகிழ்ந்த பேரரசரே பெயர் சூட்டினார் என்றும் கூறுவது இன்னொரு கதை. கதை எதுவாயினும், இரும்பைப்போல் கனத்த உருண்டை, கருணையைப்போல் இனிய மணம் என்று பெயருக்குப் பொருள் கூறுவர்.

குவான்யின் என்னும் பெயர் நம் திருச்சபை வரலாற்றின் ஓர் ஏட்டையும் தொட்டுச் செல்கிறது. அதே சுவான்சௌ எல்லைக்குட்பட்ட தெஹுவா என்னும் ஊரில் வெண்பீங்கானால் குவான்யின் உருவங்கள் செய்து அயல்நாடுகளுக்கு அனுப்பினர். 1614 முதல் 1873 வரை ஜப்பானில் கிறிஸ்தவம் தடைசெய்யப்பட்டிருந்த காலத்தில், மறைந்து வாழ்ந்த விசுவாசிகள் குழந்தையை ஏந்திய அவ்வுருவங்களைத் தேவ அன்னையின் நினைவாக வீட்டில் வைத்து இரகசியமாகச் செபித்தனர். ஒரு மலைநாட்டுக் கைவினை, எங்கோ வாழ்ந்த மனிதரின் துயருக்குத் துணையாயிற்று!

வெட்டிய வாழைக்காய்

பச்சைத் தேயிலை, ஊலோங், நாம் பருகும் கறுப்புத் தேயிலை ஆகிய மூன்றும் வெவ்வேறு செடிகளின் இலைகள் என எண்ணுவோர் பலர். உண்மையில் செடியினம் ஒன்றே, செய்முறையே வேறு.

வாழைக்காயையோ கத்தரிக்காயையோ வெட்டி நீரில் இடாமல் வைத்தால் சிறிது நேரத்தில் வெட்டுவாய் கறுத்துவிடுவதை நம் இல்லத்தரசிகள் அறிவர். காயின் உயிரணுக்கள் சிதைந்து, உள்ளிருக்கும் நொதிப்பொருள் காற்றிலுள்ள ஆக்சிஜனின் துணையோடு துவர்ப்புச் சத்துகளை மாற்றுவதால் நிகழ்வது அது. தேயிலையிலும் நிகழ்வது அதுவே. பறித்த இலையை உடனே சூடேற்றி அந்நொதியை அடக்கிவிட்டால் பச்சைத் தேயிலை. இலையை நன்கு கசக்கி, அம்மாற்றத்தை முற்றிலும் நடக்கவிட்டால் கறுப்புத் தேயிலை. இரண்டுக்கும் இடையே, தக்க தருணத்தில் நிறுத்துவது ஊலோங். எங்கே நிறுத்துவது என்பதில்தான் அதன் கலையெல்லாம் அடங்கியுள்ளது.

ஆட்டுதலும் ஆற்றுதலும்

ஊலோங்குக்கு இளந்தளிர் ஆகாது. துளிர் விரிந்து, சற்று முதிர்ந்த இரண்டு மூன்று இலைகளோடு கூடிய கொழுந்தே வேண்டும். ஆன்ஷியில் சிறந்த அறுவடைகள் இரண்டு: மே மாதத் தொடக்கத்தில் வசந்த காலத் தேயிலை, அக்டோபரில் இலையுதிர் காலத் தேயிலை. வசந்தத்தின் இலைக்கு நீரின் சுவை மிகுதி, இலையுதிர் காலத்து இலைக்கு மணம் மிகுதி என்பது அந்நாட்டார் வழக்கு.

பகலில் பறித்த இலையை மாலை வெயிலில் பரப்பி வாடவிடுகின்றனர். பிறகு நிழலில் மூங்கில் தட்டுகளில் ஆறவிடுகின்றனர். இருள் சூழ்ந்தபின்னரே மெய்யான வேலை தொடங்குகிறது. வாடிய இலைகளை மூங்கிலால் பின்னிய உருளையில் இட்டுச் சில நிமிடங்கள் சுழற்றுகின்றனர். இலைகள் ஒன்றோடொன்று உரசி, விளிம்புகளில் மட்டும் சிறு காயம் படுகிறது. உடனே அவற்றை எடுத்துத் தட்டுகளில் பரப்பி, ஒரு மணி, இரண்டு மணி நேரம் தொடாமல் விட்டுவிடுகின்றனர். தண்டிலும் நரம்பிலும் எஞ்சிய ஈரம் மெல்ல இலையெங்கும் பரவ, துவண்ட இலை மீண்டும் நிமிர்கிறது. பின்னர் மறுபடியும் ஆட்டுதல், மறுபடியும் ஆற்றுதல். இவ்வாறு மூன்று முதல் ஐந்து முறை. ஒவ்வொரு முறையும் ஓய்வின் நேரம் நீள்கிறது. விடியும்வரை இவ்வேலை தொடர்கிறது.

இதற்கு எழுதிவைத்த கணக்கு எதுவும் உதவாது. இலையைப் பார்த்துச் செய், வானத்தைப் பார்த்துச் செய் என்பதே அத்தொழிலாளரின் மூதுரை. வடக்குக் காற்று வீசும் வறண்ட இரவில் ஒரு கணக்கு; மழை ஈரம் தங்கிய இரவில் வேறொரு கணக்கு. மூத்த தொழிலாளி நள்ளிரவில் எழுந்து வந்து, ஒரு பிடி இலையை அள்ளி முகத்தருகே கொணர்ந்து முகர்கிறார். பச்சிலை நாற்றம் நீங்கிப் பூமணம் எழுகின்றதா? விளிம்பு சிவந்து, நடுப்பகுதி பசுமையாகவே நிற்கின்றதா? மூன்று பங்கு சிவப்பு, ஏழு பங்கு பச்சை என்பது பழைய இலக்கணம். அந்நிலை வந்த அக்கணமே கொதிக்கும் இருப்புச் சட்டியில் இட்டு நொதியை அடக்கிவிட வேண்டும். அரைமணி முந்தினால் கசப்பு தங்கும். அரைமணி பிந்தினால் மணம் போய்விடும்.

அதன்பின் இலைகளைத் துணியில் மூட்டையாகக் கட்டி, உருட்டி, பிரித்து, காயவைத்து, மீண்டும் கட்டி உருட்டுகின்றனர். பலமுறை இவ்வாறு செய்தபின்னரே அந்த இறுகிய உருண்டைகள் கிடைக்கின்றன. இறுதியில் சாம்பல் மூடிய கரி நெருப்பின்மேல் மூங்கில் கூடையில் வைத்துப் பல மணி நேரம் மெல்ல வாட்டுகின்றனர். தழல் தெரியக்கூடாது, சூடு மட்டுமே ஏறவேண்டும்.

இவ்விடத்தில் சற்று நின்று எண்ணிப் பார்ப்போம். ஓயாமல் ஆட்டினால் இலை முழுதும் சிவந்து ஊலோங் கெடும். ஆட்டாமலே வைத்திருந்தால் பூமணம் எழாது. ஆட்டியபின் ஆற்றவும் வேண்டும். நம் இல்லங்களில் பிள்ளைகளைக் கண்டிக்கிறோம், அது கடமையே. ஆனால் காலையில் சொன்ன கண்டனத்தையே மாலையிலும், உணவு வேளையிலும், உறவினர் முன்னிலையிலும் சொல்லிச் சொல்லி அவர்களைக் குலுக்கிக்கொண்டே இருந்தால் என்ன ஆகும்? ஆற்றுதல் என்னும் தமிழ்ச் சொல்லுக்குச் சூடு தணித்தல் என்றும் பொருள், புண்ணைத் தேற்றுதல் என்றும் பொருள். ஒருமுறை கண்டித்தபின் அப்பிள்ளை நிமிர்வதற்குரிய நேரத்தை நாம் தருகின்றோமா?

மறைய இருந்த கலை

இவ்வளவு உழைப்பை விழுங்கும் ஒரு கலை நிலைப்பது எளிதன்று. 1990களில் தொடங்கி ஆன்ஷியில் புதியதொரு முறை பரவியது. குளிர்சாதன அறைகளில் இலையை வைத்து, மாற்றத்தை மிகக் குறைவாக நடத்தி, சிவந்த விளிம்புகளை உதிர்த்துவிட்டு, கரியில் வாட்டாமல் பச்சை நிறத்தோடே விற்றனர். பார்வைக்கு அழகு, மணமும் முகத்தில் அறைவதுபோல் எழும். நாடெங்கும் அதற்கு வரவேற்பு பெருகியது. பழைய முறைத் தேயிலையைக் கேட்பார் அருகினர். குளிர்பதனப் பெட்டியில் வைக்காவிடில் புதிய வகையின் மணம் விரைவில் குன்றிவிடும். பழைய வகையோ உலர்ந்த சாடியில் ஆண்டுக்கணக்கில் இருந்து, முதிர முதிரச் சுவையேறும்.

புதிய முறையை நாம் பழிக்கவில்லை. அதனால் பல உழவர் வீடுகளில் அடுப்பெரிந்தது. இளந்தேயிலையின் மணத்தை விரும்புவோர் விரும்பட்டும். கவலைக்குரியது வேறொன்று. இரவில் இலையை முகர்ந்து, 'போதும்' என்று சொல்லும் அறிவு நூலில் அடங்குவதன்று. தந்தையின் அருகில் மகன் கண்விழித்திருந்து, பல பருவங்கள் கண்டு, தவறுகள் செய்து பெறவேண்டியது அது. ஒரு தலைமுறை அவ்வாறு அமரத் தவறினால், பின்னர் எவ்வளவு பணம் கொட்டினாலும் அது திரும்பாது.

நல்ல வேளையாக அத்தொடர் முற்றிலும் அறுந்துபோகவில்லை. பழைய சுவையை நாடுவோர் மீண்டும் பெருகினர்; கரிநெருப்புக் கூடைகளும் மீண்டும் வேலைக்கு வந்தன. 2022ஆம் ஆண்டில் ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை நிறுவனம் ஆன்ஷியின் தியேகுவான்யின் சாகுபடி மரபை உலகச் சிறப்புடைய வேளாண் மரபாக ஏற்றது. அதே ஆண்டு நவம்பரில் யுனெஸ்கோ நிறுவனம், சீனத்தின் மரபுவழித் தேயிலை செய்முறைகளையும் அவற்றைச் சார்ந்த சமூக வழக்கங்களையும் மனிதகுலத்தின் பண்பாட்டு மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. பட்டங்கள் மட்டும் ஒரு கலையைக் காப்பதில்லை என்பது மெய்யே. ஆயினும், நீ செய்வது மதிப்புடையது என்று உழைப்பவனுக்கு ஒருவர் சொல்வதும் வேண்டும் அன்றோ?

பருகும் முறை

தேயிலை செய்தவர் ஓர் இரவைக் கொடுத்திருக்க, பருகுபவர் அரைமணி நேரமேனும் கொடுக்கவேண்டும் என்பது அந்நாட்டார் எண்ணம் போலும். அம்முறைக்குக் குங்ஃபூ தேநீர் என்று பெயர். குங்ஃபூ என்றதும் சண்டைப் பயிற்சியே நம் நினைவுக்கு வரும். அச்சொல்லின் அடிப்படைப் பொருளோ, நேரமும் உழைப்பும் செலுத்திப் பெறும் திறமை என்பதே.

சீனர் இதற்கு மூடியுள்ள சிறு பீங்கான் கிண்ணத்தையோ, யிஷிங் ஊரின் செம்மண் குடுவையையோ பயன்படுத்துவர். நம் வீட்டில் அவை இல்லையெனக் கவலை வேண்டா. நூறு மில்லிலிட்டர் அளவுள்ள கிண்ணமும், அதை மூட ஒரு சிறு தட்டும் போதும். ஆறு ஏழு கிராம் தேயிலையை அதிலிட்டு, தளதளவெனக் கொதித்த நீரை ஊற்றி, உடனே வடித்துக் கொட்டிவிடுக; உருண்டைகள் கண்திறக்க அது போதும். மறுபடியும் நீரூற்றி மூடி, இருபது முப்பது நொடிகளில் வடித்து, மிகச் சிறிய கிண்ணங்களில் பகிர்க. பாலும் வேண்டா, சர்க்கரையும் வேண்டா. அடுத்தடுத்த முறைகளில் பத்துப் பத்து நொடிகள் கூட்டிக்கொள்க. நல்ல இலையாயின் ஏழு முறை வடித்தும் மணம் எஞ்சும் என்பது சீனர் வழக்கு. நாம் எண்ணிப் பார்த்தோம். ஏழாவது கிண்ணத்திலும் மணம் இருந்தது.

பருகுமுன் மூடியை முகர்க. நீர் பொன்னிறத்துக்கும் செம்பொன்னிறத்துக்கும் இடைப்பட்டிருக்கும். முதல் மிடற்றில் வறுபட்ட சுவை. அடுத்து மெல்லிய துவர்ப்பு. விழுங்கிச் சிறிது நேரம் கழித்துத் தொண்டையில் ஓர் இனிப்பு ஊறுகிறது. நெல்லிக்காய் தின்று தண்ணீர் குடித்தவர்க்கு அந்த இனிப்பைப் பற்றி விளக்கவேண்டியதில்லை. இறுதியில் விரிந்த இலை ஒன்றை நீரில் மிதக்கவிட்டுப் பார்த்தோம். நடுவில் பசுமை, ஓரமெங்கும் செந்நிறக் கரை. யாரோ ஒருவர் கண்விழித்த இரவு அவ்வோரத்தில் எழுதப்பட்டிருந்தது.

பகிர்வதிலும் ஓர் அழகிய வழக்கம் உண்டு. ஒரு கிண்ணத்தை நிரப்பியபின் மற்றொன்றை நிரப்புவதில்லை. கிண்ணங்களை நெருக்கி வைத்து, அனைத்தின் மேலும் சுற்றிச் சுற்றி ஊற்றுகின்றனர். முதலில் விழும் நீர் மெலிந்தது, கடைசித் துளிகள் செறிந்தவை. ஆகவே அக்கடைசித் துளிகளையும் ஒவ்வொரு கிண்ணத்திலும் ஒவ்வொன்றாகச் சொட்டவிடுகின்றனர். ஒருவர்க்கு மிகுதி, ஒருவர்க்குக் குறைவு என்பது கூடாது. குவாங்தோங் மாநிலத்துச் சௌசௌ வட்டாரத்தில் எத்தனைபேர் அமர்ந்திருந்தாலும் மூன்று கிண்ணங்களே வைப்பது பழைய வழக்கம். நான்காமவர் இருந்தால் ஒருவர் மற்றவர்க்கு விட்டுக்கொடுத்தாக வேண்டும்!

ஓர் எச்சரிக்கையும் சொல்லவேண்டும். ஊலோங் உடலை இளைக்கச் செய்யும், நோய்களைத் தீர்க்கும் என்றெல்லாம் வணிகர் கூறுவதை அப்படியே நம்பவேண்டா. இதிலும் காஃபீன் உண்டு, குழந்தைகளுக்கு ஆகாது, இரவில் பருகினால் உறக்கம் கெடலாம். உணவோடு சேர்த்துப் பருகினால் உணவிலுள்ள இரும்புச்சத்தை உடல் ஏற்பது குறையும். ஆகவே இரத்தசோகை உள்ளோர் உணவுக்குச் சற்று நேரம் விட்டுப் பருகுவது நலம். இதை மருந்தாக அன்றி, விருந்தாகவே கொள்க.

இளைஞர் சொன்னது

விடைபெறும்போது அவ்விளைஞர் ஒன்று கூறினார். "எங்கள் வீட்டில் அம்மா உட்கார்ந்து தேநீர் குடித்து நான் பார்த்ததே இல்லை, ஐயா. எல்லோருக்கும் கொடுத்துவிட்டு, அடுப்படியில் நின்றபடியே, ஆறிப்போனதைக் குடித்துவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவார்கள். இந்தத் தேயிலையை நான் போட்டபோது அவர்களுக்கு எழ வழியில்லை. ஒரு கிண்ணம் முடிவதற்குள் அடுத்தது வந்துவிடுகிறது. நான் ஊற்ற, அவர்கள் உட்கார்ந்தார்கள். அப்பாவின் கடைசி நாள்களைப் பற்றி அன்றுதான் என்னிடம் பேசினார்கள். அப்போது நான் கடலில் இருந்தேன்."

அவர் வேறொன்றும் சொல்லவில்லை, நாமும் கேட்கவில்லை.

அன்பர்களே, சீனத்துத் தேயிலை எல்லார்க்கும் கிட்டாது, கிட்டவேண்டும் என்பதுமில்லை. நம் வீட்டுப் பாலும் தூளும் கலந்த தேநீரே போதும். இன்று மாலை அதைப் பிள்ளைகளில் ஒருவர் போடட்டும். கடைசிச் சொட்டு வரை எல்லோர்க்கும் சமமாகப் பகிரட்டும். நின்றுகொண்டே குடித்துப் பழகியவரை ஒருநாளேனும் அமரச் செய்து, அவர் பேசுவதைக் கேட்போமாக.

அடுத்த இதழில் மீண்டும் சந்திப்போம்.